கேம் போட்டால் அணையும் பெட்டி

ஷெர்லின் தன் கம்ப்யூட்டரில் கேம் போட்டால் வீடு முழுக்க நெட் போய்விடும். வடக்குப்பட்டில் மரகதம்மாவின் வீட்டில் இருக்கிற எல்லாருக்கும் இது தெரியும். தெரியாதவர்கள் யாராவது வந்தால், குடிக்கத் தண்ணீர் கொடுப்பதற்கு முன்பே மரகதம்மா சொல்லிவிடுவார்.

கீழே வீட்டுக்காரர்கள். மாடியில் ஓர் அறை, அதில் கம்பெனிக்குப் போகும் இரண்டு பெண்கள். ஒருத்தி ஷெர்லின், இன்னொருத்தி தெற்கேயிருந்து வந்த இசக்கிசெல்வி. நெட் பெட்டியை மாடிப்படித் திருப்பத்தில் சுவரில் மாட்டியிருந்தார்கள். மேலேயும் கீழேயும் அதிலிருந்துதான் நெட். ஷெர்லினுக்கு மதியம் இரண்டரைக்கு ஷிப்டு. காலை ஒன்பது மணிக்குக் கம்ப்யூட்டரைத் திறந்து, முகம் தெரியாத நான்கு பேரோடு அணி சேர்ந்து சுட ஆரம்பிப்பாள். ஐந்து நிமிடம்கூட ஆகாது, பெட்டியின் விளக்குகள் அணைந்து திரும்ப எரியும். மேலே அவள் அணி தோற்கும். கீழே மரகதம்மாவின் சீரியல், மாமியார் வாயைத் திறந்த இடத்தில் நின்றுவிடும்.

நெட் ஆள் இரண்டு முறை வந்து பெட்டியை மாற்றினார். மூன்றாம் முறை, கேம் ஆடினால் இப்படித்தான் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனார். வேலை தெரியாதவர் சொல்லும் காரணத்துக்கு எப்போதும் மவுசு அதிகம். மரகதம்மாவின் மகன் வசந்தகுமார் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். எட்டு மாதமாக வேலையில்லாமல் இருந்தவனுக்கு அப்போதுதான் ஓர் இன்டர்வியூ வந்திருந்தது. சனிக்கிழமை பதினோரு மணிக்கு, வீடியோவில். நடுவில் நெட் போனால் அவ்வளவுதான். எனவே மேல்முறையீட்டுக்கு இடமில்லாத தீர்ப்பு ஒன்று மாடிக்கு வந்தது. சனிக்கிழமைக்குள் அந்தக் கம்ப்யூட்டர் வீட்டைவிட்டுப் போக வேண்டும், இல்லையென்றால் ஷெர்லின் போக வேண்டும்.

அந்தக் கம்ப்யூட்டர் கடையில் தூக்கிவந்தது இல்லை. ஒவ்வொரு பாகமாக வாங்கி, அவளே கோத்தது. மணிமங்கலத்தில் அம்மா வீட்டில் அண்ணன் குழந்தைகளுக்கு நடுவே அதை வைக்க இடம் கிடையாது. அதை விட்டுக்கொடுப்பதாக அவள் இல்லை. பயப்படுவதாகவும் இல்லை. கோளாறு கண்டுபிடிப்பதுதானே அவள் பிழைப்பு! ஒரகடத்தில் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றின் டெஸ்டிங் லைனில், யாருக்கும் பிடிபடாத போர்டுகள் கடைசியில் அவள் மேஜைக்குத்தான் வரும். அங்கே ஒரே சட்டம், ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். நாலையும் சேர்த்து மாற்றிவிட்டுச் சரியாகிவிட்டது என்று குதிப்பவன் அங்கே ஒரு வாரம் தாங்கமாட்டான்.

வியாழக்கிழமை இசக்கிசெல்விக்கு விடுமுறை. அவளைப் படித்திருப்பத்தில் பெட்டியைப் பார்க்க நிறுத்திவிட்டு ஷெர்லின் வேலையைத் தொடங்கினாள். முதலில் பெரிய படம் ஒன்றை ஓடவிட்டாள். பெட்டி அசையவில்லை. கேமைவிடப் பத்து மடங்கு நெட் தின்னும் டவுன்லோடு ஒன்றைப் போட்டாள். அப்போதும் அசையவில்லை. கேமைப் போட்டாள், அணைந்தது. பிறகு கம்ப்யூட்டருக்கு வரும் நெட் ஒயரையே பிடுங்கிப் போட்டுவிட்டு, ஆளில்லாமல் தனியாகப் பழகும் ஆட்டத்தைத் திறந்தாள். இப்போது கம்ப்யூட்டருக்கும் பெட்டிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

"அணைஞ்சிட்டுக்கா" என்றாள் இசக்கிசெல்வி.

ஷெர்லின் கைதட்டினாள். கோளாறு நெட்டில் இல்லை, கரண்டில் இருக்கிறது. கேம் ஓடினால் கம்ப்யூட்டர் கரண்டை நிறைய இழுக்கும். இழுத்ததும் மாடிக்கு வரும் லைன் எங்கேயோ தடுமாறுகிறது. அந்த அரை நொடியை மற்றதெல்லாம் தாங்கிக்கொள்கிறது, பெட்டி மட்டும் விழுந்து எழுகிறது. மாடியில் இஸ்திரிப் பெட்டி, கெட்டில், கரண்ட் அடுப்பு எதுவும் கூடாது என்பது அறை கொடுக்கும்போதே மரகதம்மா போட்ட சட்டம். ஆக, மாடியில் அவ்வளவு கரண்டு இழுக்கிற ஒரே பொருள் அவள் கம்ப்யூட்டர்தான். பழி வேறு எதன்மேல் விழும்?

அப்படி நினைத்தபோதே இன்னொன்று உறைத்தது. நெட் போகும்போதெல்லாம் மரகதம்மா காலண்டரில் பெருக்கல்குறி போட்டு, நேரமும் எழுதி, ஆதாரமாக அதைப் போட்டோ எடுத்து அவளுக்கே அனுப்பியிருந்தார். அதில் நாலைந்து குறிகள் மாலை மூன்றரை மணிக்கு. அந்த நேரத்தில் ஷெர்லின் கம்பெனியில் இருப்பாள், கம்ப்யூட்டர் அணைந்திருக்கும். இவள் கேமை ஓடவிட்டுவிட்டுப் போகிறாள் என்று மரகதம்மா சொன்னபோது பதில் சொல்லத் தெரியாமல் நின்றிருந்தாள். இப்போது பதில் படித்திருப்பத்தில், முகம் வெளுத்து நின்றுகொண்டிருந்தது.

"மூணரைக்கு நீதானே ரூம்ல இருப்ப. இன்னா போட்ட?"

கட்டிலுக்கு அடியிலிருந்த இசக்கிசெல்வியின் சூட்கேஸில், துணிகளுக்கு நடுவே கெட்டில் இருந்தது. காலை ஷிப்டுக்காரர்களுக்குக் கேன்டீனில் பத்தரைக்கே சாப்பாடு போட்டுவிடுவார்கள். அறைக்கு வந்து சேரும்போது வயிறு கூப்பாடு போடும். கெட்டிலில் இரண்டு முட்டை அவித்துத் தின்பாளாம். நெட் போவதற்கு அதுவும் காரணம் என்று சத்தியமாகத் தெரியாது என்றாள். ஆனால் மூன்றரை மணிக் குறிகளைப் பற்றிக் கேள்விப்பட்டபோது சந்தேகம் வந்ததாம். சொல்லவில்லை.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ஷெர்லினுக்கு ஆத்திரம் பொங்கியது.

"மூணு வாரமா என்னைத் திட்டிக்கினு இருக்காங்க. நீ பக்கத்துல குந்திக்கினு முட்டை துன்னுக்கினு இருந்தியா?"

இசக்கிசெல்வி அழவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீங்க எதுத்துப் பேசுவீயக்கா. போன்னு சொன்னா மணிமங்கலத்துக்குப் போயிருவீய. என்னையப் போன்னு சொன்னா எங்க ஐயா மறுநாளே வந்து கூட்டிட்டுப் போயிருவாவ. பொறவு வேலைக்கு விடமாட்டாவ."

தன் துணிச்சல் முழுக்கத் தான் சம்பாதித்தது என்றுதான் ஷெர்லின் அதுவரை நினைத்திருந்தாள். அதில் பாதி, இருபது நிமிட பஸ் தூரத்தில் திறந்து கிடக்கும் அம்மா வீட்டுக் கதவு. சுருக்கென்று இருந்தது. கோபம் போகவில்லை, ஆனாலும் கெட்டிலை உள்ளே வைக்கச் சொல்லிவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பினாள்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கீழே போய், மரகதம்மாவிடம் அவருடைய இஸ்திரிப் பெட்டியையே கேட்டாள். சட்டம் போட்டவரின் கையாலேயே சட்டத்தை உடைக்கும் சோதனை. வசந்தகுமார் இதெல்லாம் தாமதம் பண்ணும் தந்திரம் என்று முறைத்தான். ஷெர்லின் அவனைப் பார்க்கவே இல்லை.

"கம்ப்யூட்டர் ப்ளக்கைப் புடுங்கிட்டேன் ஆன்ட்டி. இத மாடியில போடுங்க. நெட் போவலன்னா நானே மூட்டையைக் கட்டிக்கினு போயிடறேன்."

மரகதம்மா தானே மேலே வந்து, தானே ஸ்விட்சைத் தட்டினார். துணி வைக்கிற அளவுக்குச் சூடு ஏறுவதற்குள் நெட் பெட்டியின் விளக்குகள் அணைந்தன. நம்பாமல் இன்னும் இரண்டு முறை தட்டிப் பார்த்தார். இரண்டு முறையும் அணைந்தன. எலெக்ட்ரீஷியனுக்குப் போன் போடச் சொல்லி மகனை விரட்டினார்.

ஒன்பது மணிக்கு எலெக்ட்ரீஷியன் ஜீவானந்தம் வந்து, படித்திருப்பத்திலிருந்த ஸ்விட்ச் போர்டைக் கழற்றினார். மாடிக்குப் போகும் ஒயரைக் கையால் முறுக்கி, டேப் சுற்றி விட்டிருந்தார்கள். டேப் உருகிக் கருகிப்போயிருந்தது. நெட் பெட்டிக்கும் கரண்டு அதிலிருந்துதான். இந்த வேலையைப் பார்த்த மகராசன் யார் என்று அவர் கேட்க, வசந்தகுமார் கூரையை ஆராய்ந்தான். மாடி அறை கட்டியபோது இரண்டு வீடியோ பார்த்துவிட்டு அவன் செய்த கைவேலை அது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் தீப்பிடித்திருக்கும், மாடியிலிருந்து இறங்க இந்தப் படியை விட்டால் வேறு வழியும் இல்லை என்றார் ஜீவானந்தம். அவர் ஒயரைப் புதிதாக மாற்றிக் கொடுத்துவிட்டுப் போகும்போது மணி பத்து.

ஷெர்லினுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் மரகதம்மா ஒரு கணக்கை அரைகுறையாக விடுகிற ஆள் இல்லை. காலண்டரைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்தார்.

"மூணரைக்கு நீ கம்பெனில கீற. அப்ப மேல இன்னா ஓடுச்சு?"

தெருவிலேயே கரண்டு தடுமாறியிருக்கும் என்ற பொய் ஷெர்லினின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் பின்னால், படியில் காலடிச் சத்தம். அன்று காலை ஷிப்டுக்கு லீவு போட்டிருந்த இசக்கிசெல்வி, இரண்டு கையாலும் கெட்டிலைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். ஷெர்லின் ஜெயித்தாகிவிட்டது, இசக்கிசெல்வியை யாரும் கேட்கவும் இல்லை. இருந்தும் வந்தாள்.

"நான்தான் ஆன்ட்டி. முட்டை அவிச்சேன்."

அந்த நிமிடத்தில் இந்த வீட்டிலேயே தைரியசாலி இவள்தான் என்று ஷெர்லினுக்குப் பட்டது. ஒரு படி மேலேறி அவள் பக்கத்தில் போய் நின்றாள். அவள் போனால் தானும் போவதாகச் சொன்னாள்.

மரகதம்மா கெட்டிலைப் பார்த்தார். தரையில் கிடந்த கருகிய ஒயரைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். அவன் இன்டர்வியூ சட்டையைத் தேடும் சாக்கில் உள்ளே நழுவினான்.

"சட்டம் போட்டது வூடு எரியக் கூடாதுன்னு. பசிக்கு முட்டை அவிச்சவளா எரிக்கப் பாத்தா?" என்றார். காலண்டரைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "ரெண்டு பேரும் மேல போங்க. நீ கேமைப் போடு. நீ கெட்டிலைப் போடு. ரெண்டும் சேந்தே ஓடட்டும். நெட்டு போறதுன்னா இப்பவே போவட்டும், பதினோரு மணிக்குப் போவக் கூடாது."

இருவரும் நாலு படி ஏறியிருப்பார்கள், கீழேயிருந்து மறுபடியும் குரல் வந்தது.

"முட்டை எத்தினி கீது?"

"நாலு இருக்கு ஆன்ட்டி."

"நாலும் போடு. உள்ள போயிருக்கானே, அவனும் காலையிலேர்ந்து ஒண்ணும் துன்னல."