நாற்பத்து மூன்றாம் பக்கத்துத் தண்ணீர்

1

இந்தக் கதை ஒரு வங்கியின் விளம்பரப் புத்தகத்திலிருந்து கிடைத்தது. சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஐம்பத்தாறு வயதில் எழுத்துக் கூட்டக் கற்றவன் நான். கையில் எது கிடைத்தாலும் கடைசிப் பக்கம் வரை போகாமல் விடமாட்டேன். மற்றவர்கள் அட்டையைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற புத்தகத்தில் நாற்பத்து மூன்றாம் பக்கம் வரை போனேன்.

இனி 'நான்' வேண்டாம். 'அவர்' என்று எழுதினால்தான் எழுத்து ஓடுகிறது.

2

முதல் தொடக்கம்: சாய ஆலையின் சங்கு ஊதியதும் அவர்...

(வேண்டாம். சங்கில் தொடங்கினால் கண் கலங்கும், கதை நகராது.)

இரண்டாவது: சாயத்தொட்டி அருகே முப்பத்தொரு வருடம் நின்று ஓய்வுபெற்ற சாயக்காரர், கைக்கு வந்த பணத்தை எதில் போடலாம் என்று கேட்க மனைவியோடு வங்கிக்குப் போனார்.

இது பரவாயில்லை.

"காத்தையும் தண்ணியையும் கெடுக்காத, வேலையாட்களை நல்லா நடத்துற கம்பெனிகளாப் பார்த்துத்தான் இந்தத் திட்டத்துல போடுறோம், ஐயா," என்று புத்தகத்தை நீட்டினாள் ஆலோசனை மேசைப் பெண்.

"எந்தெந்தக் கம்பெனின்னு போட்டிருக்காம்மா?"

"பின்னாடி இருக்கு. யாரும் கேக்கமாட்டாங்க."

"இவர் கேப்பாரு," என்றாள் மனைவி. "பஸ் டிக்கெட்டையே ரெண்டு தடவை படிக்கிறவரு."

3

நாற்பத்து மூன்றாம் பக்கத்துப் பட்டியலில் அவருடைய ஆலை இருந்தது. பெயரை மாற்றியிருந்தார்கள், படம்தான் காட்டிக்கொடுத்தது. பின்பக்க வாய்க்கால், அதன் மூன்று படிகள், வளைந்த கைப்பிடிக் கம்பி. அந்தப் படியில்தான் அவரும் கூட வேலை பார்த்த நெட்டையனும் டீ குடிப்பார்கள். சாயம் ஏறிய நகத்தைப் பார்த்தே அந்த வாரம் எந்த நிறம் ஓடியது என்று சொல்லிவிடலாம். நெட்டையன் தன் கல்யாணத்துக்கே நீல நகத்தோடு போய், பெண்வீட்டார் இதய நோய் என்று பயந்து அவனை ஓரமாக உட்காரவைத்து விசிறிவிட்டார்கள்.

(இதற்குமேல் இரண்டு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். ரொம்ப இனித்தது.)

படத்தில் தண்ணீர் கண்ணாடி மாதிரி ஓடியது. கீழே, 'சுத்திகரித்த நீர்'.

கழிவுநீர் ஆய்வுக்கு ஆள் வருகிற நாட்களில் மேஸ்திரி ப்ளீச்சிங் பவுடர் டின்னை உருட்டிக்கொண்டு வருவார். கழிவுத் தொட்டியில் கொட்டிக் கலக்குவது சாயக்காரர் வேலை. நிறம் போய்விடும்; சாயம் பிடிக்கப் போட்ட உப்பு அப்படியே இருக்கும். தெளிந்தால் சுத்தம் என்றுதான் இவர்களும் நம்பினார்கள். அந்தத் தண்ணீரை ஊற்றி வாய்க்காலோரம் கத்தரிச்செடி வளர்த்தார்கள். கருகியபோது வெயிலைத் திட்டினார்கள். ஆய்வு நாளில் அரை நாள் விடுப்பு வேறு. அதை நினைத்தால் இன்றும் அவருக்கு முதலில் சிரிப்புதான் வருகிறது, உறுத்தல் பிறகுதான். வந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறேன்.

இப்போது நிஜமாகவே சுத்திகரிக்கிறார்களோ என்னவோ. படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அவருக்கு உறுதியாகத் தெரிந்தது அது ஒன்றுதான்.

4

முடிவு, ஒன்று: பணத்தை அந்த வங்கியிலேயே வைப்புநிதியில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறார்.

"அதை வங்கி யாருக்குக் கடன் குடுக்குதுன்னு கேட்டுடாதீங்க," என்றாள் மனைவி. "நான் வீட்டுக்குப் போகணும்."

(நல்ல முடிவுதான். ஆனால் வாய்க்கால் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.)

முடிவு, இரண்டு: இந்தத் தண்ணீர் நிஜமாகவே சுத்தமா என்று அவர் கேட்க, மேசைப் பெண் குரலைத் தாழ்த்திச் சொல்கிறாள், "அந்தக் கம்பெனிப் பங்கு ஒண்ணு உங்க பேர்ல இருந்தாப் போதும், ஐயா. வருஷாந்திரக் கூட்டத்துல நீங்களே எழுந்து கேக்கலாம்."

மீதிப் பணம் வைப்புநிதிக்குப் போகட்டும் என்று சொல்லி, ஒரே ஒரு பங்கை வாங்கினார். பிறகு நெட்டையனைத் தேடிப் போனார்.

"கேளு, நல்லாக் கேளு," என்றான் நெட்டையன். "என் மருமகன் அங்கதான் வேலை பாக்குறான். ஆலையை மூடிட்டா குடும்பத்தோட உன் வீட்டுக்குச் சாப்பிட அனுப்புறேன்."

"மூடச் சொல்லலடா. தண்ணியில உப்பு எவ்வளவுன்னுதான் கேக்கப்போறேன்."

"உனக்கெப்படித் தெரியும்னு கேப்பாங்க."

"கொட்டினது நான்னு சொல்லுவேன்."

"நீ மட்டுமா கொட்டின? டின்னைச் சாய்ச்சுப் பிடிச்சது யாரு?" நெட்டையன் தன் நகங்களைப் பார்த்துக்கொண்டான். "என் பேரைச் சொல்லாதே. மருமகனைக் கேட்டில நிறுத்திடுவாங்க."

இந்த இடத்தில் நெட்டையனைக் கோழையாக எழுதிப் பார்த்தேன். பொருந்தவில்லை. அடித்துவிட்டேன்.

5

கூட்டம். குளிரூட்டிய அரங்கு, வரிசையாக மெத்தை நாற்காலிகள். சாயக்காரர் கேட்டுவிட்டார். மேடையில் இருப்பவர் புன்னகை மாறாமல், "நல்ல கேள்வி. ஐயாவுக்கு இந்தச் சந்தேகம் எப்படி வந்துச்சு?" என்கிறார்.

உண்மையைச் சொன்னால் தான் செய்தது தெரிந்துவிடும். அடுத்து, கூட யார் என்பார்கள். சொல்லாமல் உட்கார்ந்தால் புத்தகத்தில் அச்சிட்டிருப்பதே உண்மை ஆகிவிடும்.

இதுவரைதான் எழுத முடிந்தது. உங்களை அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்திருக்கிறேன். கோபிக்காதீர்கள், ஏதோ ஒரு திட்டத்தின் வழியே உங்கள் சேமிப்பும் அங்கே இருக்கக்கூடும், அதன் பட்டியலை நீங்கள் புரட்டியிருக்கமாட்டீர்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒருமுறை உங்கள் பக்கம் திரும்புகிறார். அவர் வாய் திறப்பதற்குள் நீங்கள் எழுந்து, "பதிலை முதல்ல சொல்லுங்க" என்று கேட்டால், அவர் யாருடைய பேரையும் சொல்ல வேண்டியிருக்காது.

எழுந்திருப்பீர்களா என்பது எனக்குத் தெரியாது.