ஆளுக்கு ஒரு தரம் அமுக்கினார்கள்

ஆம்பூர் ஷூ கம்பெனியின் பேக்கிங் பகுதியில் ஒரு பெட்டிக்கு இரண்டு லேபிள் வந்தது. அடுத்த பெட்டிக்கு லேபிளே வரவில்லை.

"ஏம்மா, உன் புரோகிராமுக்குப் பேய் கீய் புடிச்சிருக்கா?" என்று கத்தினார் சூப்பர்வைசர் லியாகத் அலி. "சாயங்காலம் கன்டெய்னர் கெளம்புது. அதுக்குள்ள சரியாவலன்னா தூக்கிப் போட்டுட்டு கையாலயே பண்ணுங்கன்ட்டாரு மேனேஜர்."

ஜெனிஃபா ஓடிவந்து திரைமுன் உட்கார்ந்தாள். பெட்டியை எடை போட்டதும், 'அச்சிடவா?' என்று திரையில் ஒரு சின்ன ஜன்னல் வரும். அதற்கு 'சரி' அழுத்த ஓர் ஆள் உட்கார்ந்தே இருக்க வேண்டும். அந்த ஆளுக்குப் பதிலாக அவள் எழுதிய புரோகிராம் அது. கம்பெனியில் அவள் பேர் சொல்ல வேறொன்றும் கிடையாது.

அந்த விண்டோஸ் 98 கம்ப்யூட்டரில் என்னென்ன ஓடுகிறது என்று பார்த்தாள். அவளுடைய புரோகிராமே நான்கு பிரதிகளாக ரேஷன் கடை வரிசைபோல் நின்றது. இரண்டு சேர்ந்து அழுத்தினால் இரண்டு லேபிள். பிந்தி விழும் அழுத்தலோ, அடுத்த பெட்டியின் ஜன்னல் முழுதாகத் திறக்குமுன்பே அதை மூடிவிடும்; லேபிள் வராது.

"பாய், இத யார் யார் ஆரம்பிச்சீங்க?"

"காலைல நான் அந்த ஐகான அமுக்கனேன். ஒண்ணும் தெர்ல, இன்னொருவாட்டி அமுக்கனேன். டீ குடிச்சிட்டு வந்து, பெட்டி எடை போடற சௌந்தரம் அமுக்குச்சு. தொழுகை முடிச்சி மறுபடி நானு. தையல் லைன்ல ஆள் மாறி உக்காந்தா மொதல்ல மிஷின் சுவிச்சத் தொட மாட்டாங்களா?"

ஜெனிஃபா ஒன்றை மட்டும் விட்டு மற்றதையெல்லாம் நிறுத்தினாள். இனி யாராவது மறுபடி திறந்தால், 'ஏற்கெனவே ஓடுகிறது' என்று சொல்லும்படி மாற்றிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள்.

திரும்பினால், லேபிள் சுத்தமாக நின்றிருந்தது. பாய் அமுக்கியிருந்தார். அந்த அறிவிப்பு திரையின் நடுவில் சட்டமாக உட்கார்ந்திருந்தது. அச்சு ஜன்னல் அதன் பின்னால் மறைந்துகிடந்தது. முன்னால் நிற்பதை மட்டுமே பார்க்கத் தெரிந்த புரோகிராம் சும்மா காத்திருந்தது.

"பாய்! அதுக்கு ஓகே குடுக்கலாமில்ல?"

"ஓகே குடுக்கறதுக்குத்தானே உன் புரோகிராம வச்சிருக்க?"

ஜெனிஃபா அறிவிப்பை எடுத்தாள். கம்ப்யூட்டரைப் போட்டதும் புரோகிராம் தானாகவே தொடங்கும்படி செய்து, ஐகானையும் அழித்தாள்.

"ஐயோ, ஐகான் எங்க? நான் எத அமுக்குவேன்?" என்றாள் சௌந்தரம்.

ஜெனிஃபா அவளையும் பாயையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அதே படத்தில் புதிதாக ஓர் ஐகான் வைத்தாள். அமுக்கினால் 'டிங்' என்று ஒலிக்கும். வேறெதுவும் செய்யாது.

பாய் அமுக்கினார். டிங். பெட்டிக்கு ஒன்றாக லேபிள் வந்தது. பொழுது சாய்வதற்குள் கன்டெய்னர் கதவைச் சாத்தினார்கள்.

"பாத்தியா?" என்றார் பாய். "ஒழுங்கா அமுக்கனா ஒழுங்கா ஓடுது. மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன், இதுவே இருக்கட்டும்னு."

"சரி பாய்," என்றாள் ஜெனிஃபா.