களாப்பழத்து வெள்ளை

காய்ச்சல் விட்டு நாலு நாளாகியும் இருளம்மாளுக்கு எதுவும் இறங்கவில்லை. கஞ்சியைக் கண்டாலே முகத்தைத் திருப்பினாள். "நாலு களாப்பழம் கெடைச்சா செத்த நாக்குக்கு உசுரு வரும்" என்றாள். எதையும் கேட்காதவள் கேட்டுவிட்டாளே என்று புருசன் சின்னக்கருப்பு தூக்குச்சட்டியோடு கிளம்பினார்.

சுருளிப்பட்டியில் அவருடைய மானாவாரிக் காட்டுக்கும் தங்கப்பாண்டியின் திராட்சைத் தோட்டத்துக்கும் நடுவில் இருந்தது அந்தக் களாப்புதர். யாரும் வைத்ததில்லை, தானாக முளைத்தது. முள்ளுக்குள் பழம் கருகருவென்று தொங்கியது.

"மாமா, கை வைக்காதீக" என்று பந்தலுக்குள்ளிருந்து தங்கப்பாண்டி சத்தம் கொடுத்தான். "நேத்துத்தான் கொடிக்கு மருந்தடிச்சோம். காத்துக்கு அங்கன பூரா விழுந்திருக்கு."

"வருசம் பூரா அடிக்கிற. இன்னைக்குத்தான் வாய் தொறக்குதாக்கும்?"

"இது புது மருந்து. ஒரு வாரம் போகட்டும்."

"ஒரு வாரத்துல நீ பறிச்சுக்கிருவ."

"ஆமா, களாப்பழம் வித்துத்தான் மாடி கட்டப்போறேன்."

அந்த நக்கல்தான் பிடிக்கவில்லை. போன வருசம் கம்பிவேலி போடும்போது கல்லை ரெண்டடி தள்ளி நட்டவன். இன்றைக்குப் பழத்தைத் தொடாதே என்பான், நாளைக்குப் புதரே என்னுது என்பான். சின்னக்கருப்பு வேண்டுமென்றே சட்டி நிறையப் பறித்தார். பழத்தில் வெள்ளை படிந்திருந்தது. களாவில் பால் வடிவது ஊருக்கே தெரியும், அது காய்ந்திருக்கும் என்று வேட்டியில் துடைத்துச் சட்டியில் போட்டுக்கொண்டார்.

இருளம்மாள் கை கொள்ளத் தின்றாள். "இப்பத்தான்யா வாயின்னு ஒண்ணு இருக்கது தெரியுது" என்றாள்.

உச்சிப்பொழுதுக்குள் வாந்தி. எச்சில் நிற்காமல் ஒழுகியது, வேர்த்துக் கொட்டியது. ஆட்டோ பிடித்துக் கம்பத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

"என்ன சாப்பிட்டாங்க?" என்று டாக்டரம்மா கேட்டாள்.

"கஞ்சி."

"வேற? மருந்து எதுவும் பட்டுச்சா?"

"கஞ்சிதாம்மா."

சொன்னால் பெண்டாட்டிக்கு விஷம் வைத்தான் என்று எழுதி ஸ்டேசனுக்கு அனுப்பிவிடுவார்கள். டாக்டரம்மா மூன்று தரம் கேட்டாள். மூன்று தரமும் கஞ்சி. அரை மணி நேரம் கழித்து இருளம்மாளுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்த பிறகுதான் களாப்பழம் என்று வாயைத் திறந்தார்.

"என்ன மருந்துன்னு கேளுங்கய்யா, சீக்கிரம்."

ஆட்டோக்காரனின் செல்லில் தங்கப்பாண்டியைக் கூப்பிட்டார். அவன் மருந்துப் பேரைச் சொன்னான். ஒரு வார்த்தை வையவில்லை. "டப்பாவோட வாரேன் மாமா" என்றான்.

அவன் வந்து சேர்ந்தபோது சின்னக்கருப்பு வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே இருளம்மாளின் சேலையை முகத்துக்கு மேலே இழுத்து மூடியிருந்தார்கள்.

"அத்தைக்கு எப்பிடியிருக்கு மாமா?"

நீட்டிய டப்பாவை அவர் வாங்கவில்லை.

"வீட்டுக்குப் போ மாப்ள" என்றார்.