கிப்பருக்கு ஒரு பரீட்சை

என் தங்கை ரொவீனாவுக்கு வலிப்பு வரும். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து மண்டையில் அடிபட்டதிலிருந்து அப்படி. வலிப்பு வருவதற்குச் சற்று முன்பே அவளுடைய நாய் கிப்பருக்குத் தெரிந்துவிடும். மூக்கால் அவள் முழங்காலை முட்டும். உடனே அவள் எங்கே நிற்கிறாளோ அங்கேயே தரையில் உட்கார்ந்துவிடுவாள். கிப்பர் வந்த பிறகு அவள் ஒருமுறைகூட விழுந்து அடிபட்டதில்லை.

ஆனால் கடை, பஸ், ஆஸ்பத்திரி என்று எங்கும் அதைக் கூட்டிப்போக வேண்டுமானால் அது ஒரு பரீட்சையில் தேற வேண்டும். அதற்காக ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் நகரில் ஒரு பெரிய வணிக வளாகத்துக்குப் போனோம். தேர்வாளர் நெவில் பர்டி முன்பு போலீஸ் நாய்களைப் பழக்கியவர். சிரித்தால் வரி கட்ட வேண்டுமோ என்று பயப்படுகிற மாதிரி முகம்.

"பரீட்சை நாய்க்கு மட்டுமில்ல, உங்களுக்கும்தான்," என்றார் ரொவீனாவிடம். "யாராவது வம்பு பண்ணா நீங்கதான் சமாளிக்கணும். உங்க அக்கா வாயத் திறக்கக் கூடாது."

"அவ வாய மூடுறதா? அதுக்குத் தனியா ஒரு பரீட்சை வைங்க," என்றாள் ரொவீனா.

கிப்பர் லிஃப்டில் சமர்த்தாக ஏறி இறங்கியது. தள்ளுவண்டிகளின் கடகடப்பைச் சட்டை செய்யவில்லை. பர்டி வேண்டுமென்றே அதன் காலடியில் ஒரு சாசேஜ் துண்டைப் போட்டார். எச்சில் ஒழுகியது, வாய் வைக்கவில்லை. மிச்சம் இருந்தது ஒன்றுதான்: அவள் காபி குடித்து முடிக்கும்வரை கஃபேயில் மேசைக்கடியில் படுத்திருக்க வேண்டும்.

கஃபே மேனேஜர் பிரென்ட் வாசலிலேயே மறித்தான். "நாய் வெளியில."

"இது உதவி நாய். பரீட்சை நடக்குது. தேர்வாளரும் கூட இருக்காரு. உள்ள விடணும்னு சட்டம் இருக்கு," என்றாள் ரொவீனா.

"கண்ணு நல்லாத்தான தெரியுது உங்களுக்கு? வீட்டு நாய்க்கு ஒரு கோட்ட மாட்டிட்டு வந்தா நாங்க நம்பிடணுமா?"

ரொவீனா தலைமுடியை ஒதுக்கித் தழும்பைக் காட்டினாள். "உள்ள தகடு வச்சிருக்கு. தொட்டுப் பாக்குறீங்களா?"

வரிசையில் நின்ற ஒருத்தி, "வேற கடைக்குப் போயேம்மா, எங்களுக்கு நேரமாகுது," என்றாள். அதற்குள் காவலாளி வந்து கிப்பரின் வாரைப் பிடித்து இழுத்தான். கிப்பர் உறுமக்கூட இல்லை. ரொவீனாவை நிமிர்ந்து பார்த்தது. எனக்கு ரத்தம் கொதித்தது. வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

"கைய எடுங்க," என்றாள் ரொவீனா. குரல் உயரவே இல்லை. "அத இழுக்கறதும் என்ன இழுக்கறதும் ஒண்ணுதான்."

காவலாளி கையை எடுத்தான். பிரென்ட் மட்டும் வழி விடவில்லை.

கஃபே வாசலைவிட்டுத் தள்ளி வந்ததும் பர்டி தொண்டையைக் கனைத்தார். "கஃபே பகுதி நடக்கல. இன்னொரு நாள் வரணும்."

"கிப்பர் என்ன தப்பு பண்ணுச்சு?"

"ஒண்ணுமில்ல."

"நான்?"

"ஒண்ணுமில்ல."

"அப்ப தப்பு பண்ணவன் காபி வித்துட்டு இருப்பான், நாங்க மறுபடி வந்து பரீட்சை எழுதணுமா?" இப்போது கத்தினாள். வளாகமே திரும்பிப் பார்த்தது.

பர்டியின் காதுகள் சிவந்தன. "எதிர்ல மீன் வறுவல் கடை இருக்கு," என்றார். "காபிதான் குடிக்கணும்னு விதியில்ல."

அந்தக் கடைக்காரப் பெண் எதுவும் கேட்காமல் மேசையைத் துடைத்து விட்டாள். மீன் வாசனைக்கு நடுவில் கிப்பர் கல் மாதிரி படுத்திருந்தது. பர்டி எழுந்து, "தேறிட்டீங்க," என்றார். ரொவீனா அழுதாள்.

"சந்தோஷமா?" என்றாள் கடைக்காரப் பெண்.

"கோவம்."

அடையாள அட்டை வந்த வாரமே என்னையும் இழுத்துக்கொண்டு பிரென்டின் கஃபேக்குப் போனாள். மதியக் கூட்டம். அட்டையைப் பார்த்ததும் அவன் முகமெல்லாம் பல். "கார்டு இருக்கா? அப்ப பிரச்னையே இல்ல, வாங்க வாங்க!"

"அன்னைக்கும் இதே நாய்தான். இதே தலைதான்."

நடு மேசையில் போய் உட்கார்ந்து, காசு வாங்காமல் தரும் குழாய்த் தண்ணீர் மட்டும் கேட்டாள்.

"வேற என்ன வேணும்?" என்றான்.

"மன்னிப்பு."

அவன் காது கேளாதவன் போல நகர்ந்தான். சுற்றிலும் ஆட்கள் தட்டோடு இடம் தேடி நின்றார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. "கிளம்பலாம் ரோ," என்றேன்.

"நீ போய் வண்டியில உக்காரு," என்றாள் அவள், அவனைப் பார்த்துக் காலி டம்ளரைத் தூக்கிக் காட்டியபடி. "எனக்கு இன்னும் தாகம் தீரல."