ஒரே எடை

லாரி ஓட்டுநர் ஒருவரின் இருக்கைக்கு அடியில் கிடைத்த வெள்ளைத் தூள் அது. தடயவியல் ஆய்வகத்தின் போதைப்பொருள் பிரிவில் பதினாறு வருடமாக இருப்பவள், மூலக்கூறை உடைத்து எடைபார்க்கும் கருவியில் அதைப் போட்டாள். வந்த வரைபடம் தடைசெய்யப்பட்ட பொருளோடு அச்சு அசலாகப் பொருந்தியது.

"பொருந்திடுச்சுல்ல? கையெழுத்தைப் போட்டுட்டு அடுத்ததைப் பாரும்மா" என்றார் பிரிவுத் தலைவர்.

"இதே எடையில இன்னொண்ணும் இருக்கு சார். ஒரு கிளை மட்டும் இடம் மாறி ஒட்டியிருக்கும். உடைச்சா ரெண்டும் ஒரே துண்டுங்கதான். ஆனா அது தடைப் பட்டியல்ல இல்ல. அகச்சிவப்புக் கருவியில பார்த்தாத்தான் வித்தியாசம் தெரியும்."

"அந்தக் கருவிக்கும் என் மாமியாருக்கும் ஒரே குணம். ஆள் பார்த்துத்தான் பேசும்."

அதோடு மல்லுக்கட்டி மாலைக்குள் ஓடவைத்தாள். தூள் தடைப் பட்டியலில் இல்லாததுதான். மறுபடி பார்த்தாள்; மாற்றமில்லை. ஓட்டுநர் சிறைக்குள்ளே போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது.

அறிக்கையை எழுதி முடித்ததும் பழைய பதிவேட்டை எடுத்தாள். போன வருடம் அகச்சிவப்புக் கருவி பழுதில் கிடந்த இரண்டு மாதத்தில், அதே தடைசெய்யப்பட்ட பொருள்தான் என்று முதல் கருவியை மட்டும் நம்பி ஆறு அறிக்கைகளில் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

"அந்த ஆறையும் திரும்பப் பார்க்கணும் சார்."

"எதுக்கு வம்பை விலைக்கு வாங்குற?"

பழைய மாதிரிகளை எடுக்கும் படிவத்தை அவர் முன்னால் வைத்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, அதில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஒன்பது நாள் ஆயிற்று. ஐந்து சரியாக இருந்தன. ஆறாவது தவறு. அந்த வழக்கில் ஒரு பெண்ணுக்குத் தண்டனை கொடுத்து நான்கு மாதம் ஆகிவிட்டது.

நீதிமன்றத்துக்குத் தன் பெயரிலேயே கடிதம் எழுதினாள். விஷயம் தெரிந்து தங்கை போன் செய்தாள்.

"வேலைக்கு ஆபத்து வருமா அக்கா?"

"வந்தா வரட்டும்டி. இப்போ யோசிக்கக்கூடத் தெம்பு இல்ல."

ஓட்டுநரை முன்பே விட்டுவிட்டார்கள்; ஏழு வாரத்தில் அந்தப் பெண்ணும் வெளியே வந்தாள். இவளுக்குத் துறை விசாரணை, ஒரு மெமோ; வேலை மட்டும் போகாமல் தப்பியது. இனி இரண்டு கருவியிலும் பார்க்காமல் அறிக்கை போகக்கூடாது என்று உத்தரவு வந்தது. வேலை இரட்டிப்பானதில் உடன் இருப்பவர்கள் டீ குடிக்கப் போகும்போது இவளைக் கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். பழைய வழக்குகளின் வக்கீல்கள் விழித்துக்கொண்டதால், மாதம் மூன்று முறை சாட்சிக் கூண்டு.

"அப்போ தப்புப் பண்ணினீங்க, இல்லையா?" என்று ஒவ்வொருவரும் புதிதாகக் கண்டுபிடித்ததுபோலக் கேட்பார்கள்.

"ஆமா, பண்ணினேன்" என்பாள். சொல்லிவிட்டு, கால் மாற்றி நின்றுகொள்வாள்.