மேல் வரிசை

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். டீ ஆறிவிட்டது என்று யாராவது சொன்னால்கூட வரும். அதனால், 2004-ஆம் வருஷம் என் மனைவி சொர்ணத்தாய் பல்லை வெள்ளையாக்கக் கோவில்பட்டிக்குப் போகப் போவதாகச் சொன்னபோது, என் டீக்கடையில் பாத்திரங்கள் கொஞ்சம் சத்தம் போட்டதில் ஆச்சரியமில்லை.

அவள் எங்கள் ஊர் மகளிர் குழுத் தலைவி. அடுத்த மாதம் ஊரில் மனுநீதி நாள். கலெக்டரை வரவேற்றுப் பேசப் போவது அவள்தான். ஆற்றுத் தண்ணீர்க் குழாய் கேட்டு மூன்று வருஷமாக மனு கொடுத்து, உங்கள் ஊரில்தான் அடிபம்பு இருக்கிறதே என்று மூன்று தடவையும் பதில் வந்திருந்தது. இந்தத் தடவை நேரிலேயே கேட்டுவிடுவது என்று குழுவில் முடிவு. மைக்கைக் கண்டு அவளுக்குப் பயமில்லை. பல்லை நினைத்தால்தான் பயம். பழுப்புக் கறை, பட்டை பட்டையாக. சிரிப்பு வருவதற்குள் முந்தானை வாய்க்கு வந்துவிடும். பன்னிரண்டு வருஷக் குடித்தனத்தில் அவள் முழுசாகச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கும் அதே கறைதான். மீசை இருப்பதால் பிழைத்தேன்.

ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு இப்படித்தான். ஒழுங்காகத் தேய்க்காததால் சேர்ந்த அழுக்கு என்று நம்பியிருந்தோம். எங்கள் மகள் முத்துமணிக்குப் பால்பல் விழுந்து புதுப்பல் முளைத்தபோது அதிலும் பழுப்பு. சொர்ணம் தினமும் காலையில் அவளைப் பிடித்து உட்காரவைத்து, செங்கல்பொடி போட்டுத் தேய்ப்பாள். ஈறில் ரத்தம் வரும். அழுதால் முதுகில் ஒன்று விழும். நானும் கடையிலிருந்தபடி, நன்றாகத் தேய் என்று குரல் கொடுத்தவன்தான்.

பல் டாக்டர் சத்யபிரியாவின் கிளினிக் ரயில்வே ஸ்டேஷன் போகும் ரோட்டில் ஒரு மாடியில் இருந்தது. பள்ளிக்கூடம் லீவு என்பதால் முத்துமணியும் வந்தாள். டாக்டரிடம் அழுக்குப் பல்லோடு போனால் மரியாதையா என்று சொர்ணம் மூன்று நாளாகத் தன் பல்லையும் செங்கல்பொடியால் தேய்த்து வைத்திருந்தாள். வாயைத் திறந்ததும் டாக்டர் திடுக்கிட்டுவிட்டார். ஈறெல்லாம் புண். ஆறிய பிறகுதான் வேலை என்று இரண்டு வாரம் தள்ளிப்போட்டார். நான் பொரிந்து தள்ளினேன். அவர் என்னைப் பொருட்படுத்தவே இல்லை. முத்துமணியைக் கூப்பிட்டு அவள் வாயைப் பார்த்தார். எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டார். அப்புறம் சொர்ணத்திடம் மெதுவாகச் சொன்னார்.

"இது அழுக்கில்லம்மா. பல்லு உள்ள வளரும்போதே தண்ணியில இருந்து ஏறுன கறை. எவ்வளவு தேய்ச்சாலும் போகாது. பிள்ளை மேல ஒரு தப்பும் இல்ல."

ஊரில் அடிபம்பு போட்டது சொர்ணம் பிறந்த வருஷம். அதற்கு முந்தி ஊருணித் தண்ணீர் குடித்து வளர்ந்த பெருசுகளுக்கு வெற்றிலைச் சிவப்பு உண்டு, இந்தப் பழுப்பு கிடையாது. இத்தனை வருஷம் அது யாருக்கும் உறைக்கவில்லை. முத்துமணிக்கும் மருந்து வைக்க முடியுமா என்று சொர்ணம் கேட்டாள். பதினெட்டு வயது ஆகட்டும் என்றார் டாக்டர்.

திரும்பி வரும் பஸ்ஸில் சொர்ணம் மகளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "இனிமே தேய்க்கவே மாட்டேன்ட்டி," என்றாள். அழுதாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெட்கமாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்து வேலை நடந்தது. அந்த டாக்டரம்மா வேலை செய்த அழகை நான் சொல்லியே ஆகவேண்டும். கறை மொத்தமும் போகும் என்று சத்தியம் பண்ண மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஈறில் மருந்து படாதபடி ஓரமெல்லாம் பசை வைத்து மூடினார். ஒவ்வொரு பல்லாக மருந்து பூசி, நீல வெளிச்சம் காட்டினார். கூசினால் கையைத் தூக்கச் சொல்லி, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மூன்று தடவை மருந்தை வழித்துவிட்டு மறுபடி பூசினார். ஒரு தடவைகூட அவசரப்படவில்லை. நான் ஒரு டீயை அவ்வளவு பொறுமையாக ஆற்றியதில்லை.

முதலில் மேல் வரிசை மட்டும். கீழ் வரிசையோடு வைத்துப் பார்த்தால்தான் எவ்வளவு வெளுத்தது என்று தெரியுமாம். கண்ணாடியைக் கொடுத்தார். மேல் பற்கள் புழுங்கலரிசி நிறத்துக்கு வந்திருந்தன. கீழே பழைய பழுப்பு. சொர்ணம் ரொம்ப நேரம் கண்ணாடியைக் கீழே வைக்கவில்லை.

பல்லில் நிறம் ஏறிவிடும், இரண்டு நாளைக்கு டீ, குழம்பு எதுவும் ஆகாது, தயிர்ச்சோறுதான் என்றார் டாக்டர். டீக்கடைக்காரன் பெண்டாட்டி டீ வேண்டாம் என்றதை ஊரே பேசிச் சிரித்தது.

கீழ் வரிசைக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருந்தார். மனுநீதி நாள் வியாழன். செவ்வாய் காலையில் இவள் கிளம்பவே இல்லை. பாதியில் விட்டால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று கத்தினேன். சிரித்தால் சிரிக்கட்டும் என்றுவிட்டாள். காரணம் சொல்லவில்லை.

வியாழக்கிழமை பள்ளிக்கூடத்துப் பந்தலில் அவளை மைக்குக்குக் கூப்பிட்டார்கள். எழுதி வைத்திருந்த தாளை மடித்து இடுப்பில் செருகினாள். கலெக்டர் பக்கம் திரும்பி உதட்டை விலக்கி இரண்டு வரிசையையும் காட்டினாள். எனக்கு உயிரே போய்விட்டது.

"அய்யா, மேல்பல்லு டாக்டரம்மா கைபட்டது. கீழ்ப்பல்லு எங்க ஊர்த் தண்ணிபட்டது. நான் வளந்தவ, மருந்து வச்சிக்கிட்டேன். எம் மகளுக்கு ரெண்டு வரிசையும் தண்ணி பட்டுப்போச்சு. இனிப் பொறக்குற பிள்ளையளுக்காவது ஆத்துத் தண்ணி தாங்க."

யாரும் கூப்பிடாமலே முத்துமணி எழுந்து போய் அம்மா பக்கத்தில் நின்று வாயைத் திறந்தாள். கலெக்டர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து, குனிந்து பார்த்தார். அந்த வாரமே தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பச் சொன்னார். இவளைப் போய்த் திட்டினோமே என்று இருந்தது. என் பெண்டாட்டி என்று பக்கத்தில் நின்றவனிடமெல்லாம் சொன்னேன். அவர்களுக்குத் தெரியாதா என்ன.

அடுத்த வருஷம் புரட்டாசியில்தான் குழாய் வந்தது. அதுவரை அவள் மேலே வெள்ளையும் கீழே பழுப்புமாகவே இருந்தாள். குழாயில் தண்ணீர் விழுந்த மறுநாள் முதல் பஸ்ஸில் கோவில்பட்டிக்குப் போனாள். சாயங்காலம் திரும்பி வந்து கடைமுன்னால் இறங்கினாள். நான் ஒரு டீயை ஆற்றி நீட்டினேன்.

"ரெண்டு நாளைக்கு ஆகாதுங்க," என்று சிரித்தாள். முந்தானை தோளிலேயே இருந்தது.