ஆள் வருமுன்னே போட்ட மாத்திரை

சீப்பு எடுக்கப் போன ராஜாத்தியின் கையில், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த மாத்திரை அட்டை மாட்டியது. இருபத்தெட்டில் ஒன்பது காலி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சும்மா கொடுக்கிற கருத்தடை மாத்திரைதான். நன்னிலம் பக்கம் அது தெரியாத பொம்பளை உண்டா என்ன?

மருமகள் வானதி முன்னால் அட்டையை ஆட்டினாள்.

"ஏண்டி, எம்மவன் சிங்கப்பூர்ல கெடக்கான். நீ யாருக்குடி இதப் போடுற?"

கேட்டாளே ஒரு கேள்வி! வானதிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வேறொருத்தியாக இருந்தால் அழுது ஊரைக் கூட்டியிருப்பாள். இவள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"உங்க மவனுக்காகத்தான் அத்தை. அடுத்த மாசம் லீவுல வர்றாருல்ல?"

"வந்தப்புறம் போட வேண்டியதுதானே? தெருவுல எல்லாரும் அப்படித்தானே போடுறாளுவ?"

அதுதான் கூத்து. வெளிநாட்டுக்காரன் பெண்டாட்டிகளுக்கெல்லாம் அந்தத் தெருவில் ஒரே கணக்கு. பிளேன் இறங்கினால் மாத்திரை, ஏறினால் நிறுத்தம். மூன்று வருஷத்துக்கு முன் வானதியும் அப்படித்தான், இரண்டு மாதவிலக்குக்கு நடுவே, புருஷன் செந்தில்குமார் வந்திறங்கிய அன்றைக்கு ஆரம்பித்தாள். பிறந்தாள் மகள். நர்ஸ் படிப்புக்குக் கிடைத்த இடம் போயே போயிற்று. மகள் மேல் உயிர்தான். ஆனாலும் அந்த வயிற்றெரிச்சல் ஆறவில்லை. இப்போது ஆசிரியர் பயிற்சியில் கடைசி வருஷம். இதையும் கோட்டைவிட அவள் தயாராயில்லை.

"மாதவிலக்கு வந்த மொத நாளே ஆரம்பிக்கணும், ஒரு நாள் விடாம போடணும்னு நர்ஸம்மா சொன்னாங்க. நடுவுல ஆரம்பிச்சா ஏழு நாளைக்கு நம்ப முடியாதாம். நீங்க மேட்டூர் தண்ணி வந்தப்புறமா வாய்க்கால் தூர் வாருவீங்க? இது நானும் அவரும் பேசி வச்சதுதான். சந்தேகம்னா ஞாயித்துக்கிழமை போன்ல அவரையே கேளுங்க."

"கேக்காம விட்டுருவேனா?"

ஞாயிற்றுக்கிழமை அப்துல் ஜலீல் பாயின் டெலிபோன் பூத்தில் மணி அடித்ததும் ரிசீவரைப் பிடுங்கியவள் ராஜாத்திதான். வானதி வெளியே ஒதுங்கவில்லை. மாமியாருக்கு நேர் எதிரே போய் நின்றாள்.

"டேய் செந்திலு, உம்பொண்டாட்டி இருக்காளே..."

மகன் முடிக்க விடவில்லை. அந்தப் பக்கம் சந்தோஷமாக ஏதோ கத்திக்கொண்டிருந்தான். ராஜாத்திக்கு முகம் வெளுத்துவிட்டது. அவசரமாக விரல் மடக்கி, மருமகள் மாத்திரை போட்ட நாட்களை எண்ணினாள். மூன்று வருஷத்துக்கு முன் நர்ஸ் படிப்புக்கு வந்த கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு மருமகள் அழுததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள்தானே அவளும்.

ரிசீவரை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, பாய் காதில் விழாமல் குனிந்தாள்.

"லீவு முன்னாடியே கெடைச்சிருச்சாம். வர்ற வெள்ளிக்கிழமையே வந்து எறங்குறானாம். பரவாயில்லையாடி, இல்ல தள்ளி வரச் சொல்லவா?"

வானதிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"தாராளமா வரச் சொல்லுங்க அத்தை."